ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறைதல்: டிஸ்சார்ஜ் நாளில் கேட்கும் கேள்விகளும் கேட்க மறக்கும் கேள்விகளும்

அறுவை சிகிச்சைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாகச் செவிலியராக இருக்கிறேன். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவரையும் கூட வந்தவர்களையும் உட்கார வைத்துப் பேசுவது என் வேலைகளில் ஒன்று. தையல் எப்போது பிரிப்பீர்கள், தலைக்கு எப்போது ஊற்றிக்கொள்ளலாம், களி சாப்பிடலாமா, கறி ஆகுமா என்று எல்லாரும் கேட்பார்கள். காலைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆபரேஷன் வயிற்றில்தானே, காலுக்கு என்ன என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் நானே காலில் இருந்து பேச்சை ஆரம்பிப்பேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்கள் என்னிடம் கேட்டவற்றையும், கேட்காமல் போய்ப் பிறகு கஷ்டப்பட்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவும் நாள் கணக்கும் உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தபடிதான். அதை இதைப் படித்துவிட்டு மாற்ற வேண்டாம்.

காலில் ரத்தம் கட்டும் என்கிறீர்கள். அடிபட்டு நீலமாகக் கன்றிப் போவதுதானே அது?

இல்லை. பல வீடுகளில் முதல் தப்பு இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் நடக்கிறது. நாம் ரத்தக்கட்டு என்று சொல்வது, அடிபட்ட இடத்தில் ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்து தோலுக்கு அடியில் தங்குவதை. அதற்குக் கரியபோளம் உரசிப் பற்றுப் போடுவார்கள். சில நாளில் நிறம் மாறி மறைந்துவிடும்.

நான் சொல்வது வேறு. ரத்தம் குழாய்க்கு உள்ளேயே, ஓடுகிற இடத்திலேயே உறைந்து கட்டியாகிவிடுவது. காலின் ஆழத்தில், சதைக்கு நடுவே போகும் பெரிய சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், இது நடக்கும். வெளியே நீலம் பாரிக்காது. பற்றுப் போட்டால் அங்கே போய்ச் சேராது. சீட்டில் டி.வி.டி. என்று எழுதியிருப்பார்கள். தமிழில் ஆழ்சிரை ரத்த உறைவு.

இன்னொரு விஷயம். சிரையையும் நாம் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். “நரம்பு சுருட்டிக்கிச்சு” என்று சொல்வது தோலுக்கு அடியில் புடைத்துத் தெரியும் சிரைகளை. அது இருப்பவர்களுக்கு ஆழத்தில் உறைவதற்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

வயிற்றில் ஆபரேஷன் செய்தால் காலில் ஏன் உறைய வேண்டும்?

வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உறை மோர் விட்ட பாலை ஆட்டிக்கொண்டே இருந்தால் சரியாகத் தோயாது. அசையாமல் ஓரமாக வைத்தால்தான் தோயும். ரத்தமும் கிட்டத்தட்ட அப்படித்தான். கால் சிரைகளில் ரத்தம் கீழிருந்து மேலே ஏற வேண்டும். அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதை. நாம் நடக்க நடக்க அது சுருங்கி விரிந்து ரத்தத்தை ஏற்றுகிறது. மயக்க மருந்து கொடுத்து மேசையில் இரண்டு மணி நேரம் கிடத்தினால் அந்தச் சதை வேலை செய்யாது. பிறகு வலிக்குப் பயந்து மூன்று நாள் படுத்தே கிடந்தால் அப்போதும் செய்யாது. சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகளின் மடிப்பில் ரத்தம் தேங்குகிறது.

தேக்கம் மட்டும் போதாது, உறை மோரும் வேண்டுமே. அதைச் செய்வது உடம்பேதான். கத்தி பட்ட இடத்தில் ரத்தப்போக்கை நிறுத்துவதற்காக உடம்பு தன் உறையும் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. காயத்துக்கு அது தேவை. ஆனால் காயத்தோடு நிற்காமல் உடம்பு முழுவதும் சில வாரங்களுக்கு அந்த நிலை நீடிக்கும். இடுப்பு, முழங்கால் ஆபரேஷன்களில் சிரையின் சுவரே நேராக அடிபடவும் செய்யும். தேக்கம், ரத்தத்தின் மாற்றம், சுவரின் காயம் ஆகிய இந்த மூன்றையும் ஜெர்மனி மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால்தான் இன்றும் பாடத்தில் படிக்கிறோம். அவர் பிறந்த அக்டோபர் 13 தான் உலக ரத்த உறைவு நாள்.

காலில் உறைந்தால் கால்தானே வீங்கும், உயிருக்கு என்ன?

காலிலேயே இருந்தால் கால்தான் வீங்கும். ஆனால் அந்தக் கட்டியில் ஒரு துண்டு பிய்ந்தால் அது நிற்கிற இடம் நுரையீரல். காலிலிருந்து மேலே போகும் சிரை அகலமாகிக்கொண்டே போகும், அதனால் துண்டு எங்கும் சிக்காமல் இதயத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். சின்னத் துண்டென்றால் மூச்சு வாங்கும், நெஞ்சு குத்தும். பெரிய துண்டென்றால் சில நிமிடங்களில் ஆள் சாய்ந்துவிடுவார். ஆபரேஷன் நன்றாக முடிந்து, தையலும் ஆறி, கக்கூஸுக்கு எழுந்து போனவர் அங்கேயே விழுந்தார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லாரும் மாரடைப்பு என்று சொல்லிவிடுவார்கள். அவற்றில் சில இதுதான்.

யாருக்கு வரும்? எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லையே.

சர்க்கரை இல்லாதவருக்கும் வரும். பெரிய ஆபரேஷன், அதிலும் இடுப்பு எலும்பு, முழங்கால் மாற்று, வயிற்றுப் புற்றுநோய், விபத்தில் கால் உடைந்தது என்றால் வாய்ப்பு அதிகம். அறுபது தாண்டிய வயது, உடல் பருமன், புற்றுநோய், ஏற்கெனவே ஒரு தடவை உறைந்தது, பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ உறைந்தது, பீடி சிகரெட், ஆபரேஷனுக்கு முன்பே படுக்கையில் கிடந்தது என ஒவ்வொன்றும் மேலே மேலே சேர்ந்துகொள்ளும். டாக்டர்கள் இவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டித்தான் யாருக்கு ஊசி, யாருக்கு நடை மட்டும் போதும் என்று முடிவெடுக்கிறார்கள். அதனால் கேட்கும்போது எதையும் மறைக்காதீர்கள்.

பெண்கள் மறந்துவிடுவது ஒன்று: கருத்தடை மாத்திரை. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வாங்கும் மாலா-என் மாதிரியான மாத்திரைகளில் ரத்தம் உறைவதைக் கூட்டும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது. பெரிய ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே அதை நிறுத்தி வேறு ஏற்பாடு செய்யச் சொல்வது வழக்கம். மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லக் கூச்சப்பட்டால், நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் பல வருடம் போர்த் தண்ணீர் குடித்து மூட்டு இறுகிப்போன பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே அதிகம் நடக்காதவர்கள் அவர்கள். பிறகு இன்னும் குறைத்துவிடுவார்கள். அந்த வீடுகளில் நான் இரண்டு மடங்கு நேரம் பேசுவேன்.

எத்தனை நாள் கவனமாக இருக்க வேண்டும்? ஆஸ்பத்திரியில் இருக்கும் வரை போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். பெரும்பாலான உறைவுகள் வெளியே தெரிய வருவது டிஸ்சார்ஜ் ஆன பிறகு, வீட்டில். முதல் மூன்று நான்கு வாரம் ஆபத்து உச்சத்தில் இருக்கும். பெரிய ஆபரேஷன் என்றால் பன்னிரண்டு வாரம் வரைகூட முழுசாகப் பழைய நிலைக்கு இறங்காது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு 35 நாள் வரையும், வயிற்றுப் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களுக்கு நான்கு வாரமும் தடுப்பு மருந்து கொடுப்பது அதனால்தான். தையல் பிரித்தாயிற்று, இனி எதற்கு என்று பாதியில் நிறுத்துகிறார்கள். தையல் தோலுக்கு. மருந்து சிரைக்கு.

ஆபரேஷன் ஆனால் கால் கொஞ்சம் வீங்குவது சகஜம்தானே? எதைக் கண்டு பயப்பட வேண்டும்?

இரண்டு காலும் ஒரே மாதிரி லேசாக வீங்கி, இரவு காலை உயர்த்திப் படுத்தால் காலையில் வடிந்துவிட்டது என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கினால் உஷாராகுங்கள். கெண்டைக்காலிலோ தொடையிலோ வலி, தொட்டால் அந்தக் கால் மட்டும் கதகதவென்று இருப்பது, தோல் இறுகிப் பளபளப்பது. சிவந்து போகும் என்று புத்தகத்தில் இருக்கும், ஆனால் நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. கையால் தொட்டு இரண்டு காலையும் ஒப்பிடுவதுதான் நல்லது.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் குடலில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனார். மகள் வீட்டிலேயே ரவிக்கை தைக்கும் பெண். காலைக் கவனியுங்கள் என்று சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் தையல் டேப்பை எடுத்து, முட்டிக்குக் கீழே நான்கு விரல் தள்ளி இரண்டு காலையும் சுற்றி அளந்து காலண்டரில் எழுதி வந்திருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் வலது கால் 32 சென்டிமீட்டர், இடது கால் 36. அப்பாவுக்குப் பெரிய வலி எதுவும் இல்லை, “வாய்வாக இருக்கும்” என்றாராம். அவள் விடவில்லை. அன்று மாலையே காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம், தொடை வரை உறைந்திருந்தது. அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள். எட்டாம் நாளில் இருந்தே எண்கள் விலகத் தொடங்கியிருந்தன.

மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் டாக்டர்களும் அதைக் கணக்கில் எடுப்பார்கள். தினமும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: டேப் சரியாக இருக்கிறது என்பதால் வலியை அலட்சியம் செய்யாதீர்கள். சில உறைவுகள் வீக்கமே காட்டாது.

கால் வலித்தால் எண்ணெய் காய்ச்சி நீவி விடலாமா? சுளுக்கு எடுப்பவர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். புதிதாக உறைந்த கட்டி சுவரில் உறுதியாக ஒட்டியிருக்காது. நீவும்போது பிய்ந்து மேலே போகலாம். ஒரு பாட்டிக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம், கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கிறது என்று பேரன் பாசத்தோடு இரண்டு நாள் நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறான். மூன்றாம் நாள் மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டார். அந்தப் பையன் வராந்தாவில் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே நின்றது எனக்கு மறக்கவில்லை. அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு டிஸ்சார்ஜ் நாளில் நோயாளியிடம் மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் காலைப் பிடித்துவிடப் போவது யார் என்று கேட்டு, அவரையும் கூப்பிட்டுத்தான் பேசுகிறேன்.

வலி எதனால் என்று ஸ்கேனில் தெரியும் வரை எண்ணெய், வெந்நீர் ஒத்தடம், இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம்.

திடீரென்று மூச்சு வாங்கினால் என்ன செய்வது? எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது.

திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், காரணமில்லாமல் படபடப்பு, மயக்கம். இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாய்வு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நேரம் கழிக்கக் கூடாது. உடனே 108. கட்டணம் கிடையாது. போனில் பேசும்போதே “ஆபரேஷன் ஆகி இத்தனை நாள், இப்போது மூச்சு வாங்குகிறது” என்று சேர்த்துச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் மூச்சு விட எளிதாக இருந்தால் உட்கார வையுங்கள். மயங்கி வந்தால் படுக்க வையுங்கள். நடக்க வைக்காதீர்கள். டூவீலரில் நடுவே உட்கார வைத்து மலை இறங்காதீர்கள்.

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டு ஊர்களில் வண்டி ஏறி வர நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது: முடிந்தால் முதல் மூன்று நான்கு வாரம் அடிவாரத்தில், ரோடு ஓரத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். சங்கடமான யோசனைதான், ஆடு மாட்டை யார் பார்ப்பது என்று கேட்பார்கள். கேட்டாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எழுந்து நடந்தால் தையல் பிரிந்துவிடாதா?

பிரியாது. டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு நடந்தால் பிரியாது. குனிந்து குடம் தூக்குவதும் கட்டிலை நகர்த்துவதும்தான் தையலுக்கு ஆகாது. பல ஆபரேஷன்களில் அன்று மாலையோ மறுநாளோ எழுப்பி நிற்க வைக்கிறோம். அதைப் பார்த்து “ஈவு இரக்கமே இல்லையா” என்று கூட இருப்பவர்கள் கோபப்படுவதும் உண்டு. கெண்டைக்கால் சதை வேலை செய்தால்தான் ரத்தம் ஏறும் என்று விளக்கினால் புரிந்துகொள்வார்கள்.

எழ முடியாதவர்கள் படுத்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். சைக்கிள் பம்ப் அடிப்பது மாதிரி, கால்விரல் முகத்தைப் பார்க்க ஒரு தடவை, சுவரைப் பார்க்க ஒரு தடவை. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை இருபது முப்பது தடவை. டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் ஆட்டுங்கள் என்று சொன்னால் மறக்க மாட்டார்கள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பது நடப்பதாகாது. மணிக்கு ஒருமுறை வாசல் வரை போய் வரட்டும்.

நடக்கப் பழக்க ஆள் வேண்டுமென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் ஆரம்பமானது. உங்கள் துணைச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

தண்ணீர் அதிகம் குடித்தால் புண்ணில் தண்ணி கோத்துக்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

கோத்துக்கொள்ளாது. குடிக்கும் தண்ணீர் தையலுக்குப் போகாது. தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டிப்படும், உறைய வசதியாகிவிடும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் படுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரோடு இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு. மற்றவர்கள் தாகத்துக்குக் குறையாமல் குடியுங்கள். நீர்மோர், கம்மங்கூழ், கேழ்வரகுக் கூழ் எல்லாம் கணக்கில் சேரும்.

ரத்தம் உறையாமல் தடுக்க வயிற்றில் போடும் ஊசியை வீட்டில் நாங்களே போட முடியுமா?

முடியும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள்கூட இரண்டாவது நாளில் கற்றுக்கொண்டு கணவருக்குப் போடுகிறார்கள். மருந்து முன்கூட்டியே நிரப்பிய சிறிய சிரிஞ்சில் வரும், பெரும்பாலும் எனாக்ஸாபரின்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோயாளி சாய்ந்து படுக்கட்டும். தொப்புளில் இருந்து மூன்று விரல் தள்ளிப் பக்கவாட்டில், தையல் இல்லாத இடமாகப் பாருங்கள். தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, ஊசியை நேர் செங்குத்தாக முழுசும் இறக்குங்கள். மருந்தை மெதுவாகத் தள்ளுங்கள். ஊசியை எடுக்கும் வரை கிள்ளிய பிடியை விடாதீர்கள். சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக் குமிழி தெரியும், முழு அளவும் போடுவதாக இருந்தால் அதை வெளியேற்ற வேண்டாம், கடைசிச் சொட்டு மருந்தையும் உள்ளே தள்ளத்தான் அது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கன்றிவிடும். சின்ன நீலத்தழும்பு வந்தால் பயப்படாதீர்கள். இன்று வலது பக்கம் என்றால் நாளை இடது பக்கம். தினமும் ஒரே நேரம். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள், போன் செய்து கேளுங்கள்.

போட்ட ஊசியை எருக்குழியில் எறியாதீர்கள். வெறுங்காலோடு எரு அள்ளுபவரின் காலில் அது ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, அடுத்த முறை வரும்போது ஆஸ்பத்திரியில் கொடுங்கள்.

அந்த ஊசி பன்றியிலிருந்து எடுப்பது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். எனாக்ஸாபரினும் அதே வகை ஊசியான ஹெப்பாரினும் பெரும்பாலும் பன்றிக் குடலின் உள்தோலில் இருந்து எடுத்துச் சுத்தம் செய்யப்படுபவை. நம்பிக்கையின் காரணமாகத் தயக்கம் இருந்தால் டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். ஃபோன்டாபாரினக்ஸ் என்ற ஊசி முழுவதும் செயற்கையாகத் தயாரிப்பது. சிலருக்கு மாத்திரையே போதும். சொல்லாமல் வீட்டுக்குப் போய் ஊசியைப் பெட்டியில் வைத்துவிடுவதுதான் ஆபத்து.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எலி மருந்தாமே? யூடியூபில் பார்த்துவிட்டு அம்மா நிறுத்திவிட்டார்.

அம்மாவிடம் முழுக் கதையையும் சொல்லுங்கள், மாடு வளர்ப்பவர்களுக்கு எளிதில் புரியும். 1920களில் அமெரிக்கா, கனடாவில் கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954இல் மனிதர்களுக்கு மருந்தானது. ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஒரே குணம்தான் இரண்டுக்கும். அளவுதான் வேறு. அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை. பெரும்பாலோருக்கு அது 2க்கும் 3க்கும் நடுவே இருக்க வேண்டும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று நாமும் சொல்லிவிடுகிறோம். இளக்குவதில்லை, உறைந்ததைக் கரைப்பதுமில்லை. மேலும் உறையாமல் தடுக்கிறது. இருப்பதை உடம்பு மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும், அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். வீக்கம் வடிந்த உடனே மாத்திரையை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

கீரையே சாப்பிடக் கூடாதா? எங்கள் வீட்டில் களிக்குக் கீரைதான்.

வார்ஃபரின், அதே வகை மாத்திரையான அசினோகுமரால் சாப்பிடுபவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, அது மாத்திரையின் வேலையை எதிர்க்கும். அதற்காகக் கீரையை விட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் வாரா வாரம் இரண்டு நாள். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாறினால்தான் ஐஎன்ஆர் ஏறி இறங்கும். மாம்பழம் அளவுக்கு மீறினால் ஐஎன்ஆர் ஏறியதாகப் பதிவுகள் உண்டு. கிருஷ்ணகிரியில் சீசன் நேரத்தில் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்றிரண்டு துண்டு பரவாயில்லை, கூடை கூடையாக வேண்டாம்.

ரிவராக்ஸபான், அபிக்ஸபான் மாதிரியான புது மாத்திரைகளுக்குக் கீரைக் கணக்கு இல்லை. ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் என்றால் சாப்பாட்டோடு போட வேண்டும்.

எல்லா மாத்திரைக்கும் பொதுவானது: மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இவற்றோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுத்தால், சிறுநீர் சிவந்தால், ஈறு ரத்தம் நிற்காவிட்டால், தலையில் அடிபட்டால் உடனே வாருங்கள். பல் பிடுங்கப் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள்.

இறுக்கமான காலுறை கொடுத்தார்கள். வெயிலில் போட முடியவில்லை, முட்டி வரை சுருட்டிவிட்டுக்கொள்ளலாமா?

சுருட்டினால் அந்த இடத்தில் கயிறு கட்டியது போல இறுகி, இருப்பதை விடக் கெடுதலாகிவிடும். முட்டி வரை உள்ள காலுறை வேண்டுமென்று கேட்டு, கால் அளவு எடுத்து வாங்குங்கள். தினமும் ஒருமுறை கழற்றித் தோலைப் பாருங்கள். பல வருடம் பீடி குடித்து, நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்று நின்று போகிறவர்களும், பாதத்தில் ஆறாத சர்க்கரைப் புண் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

கால் உடைந்ததற்கு ஆபரேஷன் வேண்டாம், புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லையே?

தொல்லை கட்டிலும் உண்டு. புத்தூர் கட்டோ மாவுக்கட்டோ, காலை அசையாமல் வைத்தால் கெண்டைக்கால் சதை ஓய்ந்துவிடும். வயதானவர் தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷனுக்குப் பயந்து இரண்டு மாதம் கட்டிலில் கிடப்பதுதான் நான் பார்த்ததிலேயே மோசமானது. ரத்தம் உறையும், படுக்கைப் புண் வரும், சளி கட்டும். சீக்கிரம் ஆபரேஷன் செய்து சீக்கிரம் எழுப்புவதே அவர்களைக் காப்பாற்றும். செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கட்டுப் போட்ட காலில் விரல்கள் நீலமானாலோ மரத்தாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ இரவானாலும் கிளம்பி வாருங்கள்.

பிரசவம் ஆபரேஷனில் ஆனது. இளவயதுப் பெண்தானே?

இளவயதாக இருந்தாலும் கர்ப்பத்திலேயே ரத்தம் உறையும் தன்மை கூடிவிடுகிறது, பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் அது உச்சம். வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். பிள்ளை பெற்றவள் எழக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அறைக்குள் போர்த்திப் படுக்க வைப்பது அன்பினால்தான். ஆனால் அவளை எழுப்பி வீட்டுக்குள் நடக்க விடுங்கள். கர்ப்பத்தில் இடது கால்தான் அதிகம் பாதிக்கப்படும். ஊசியும் வார்ஃபரினும் தாய்ப்பாலுக்குத் தடையில்லை. புது மாத்திரைகளைத் தாய்ப்பால் கொடுக்கும்போது சாப்பிடச் சொல்வதில்லை.

பெங்களூரில் ஆபரேஷன், ஊருக்குக் காரில் வரலாமா? சென்னைக்கு பஸ்ஸில் போகலாமா?

கிருஷ்ணகிரிக்கு வரும் 90 கிலோமீட்டர் பெரிதல்ல. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போவதுதான் பிரச்சினை. தருமபுரியிலிருந்து சென்னை 300 கிலோமீட்டர் போல வரும், முதல் சில வாரங்களில் அதைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்கி நடங்கள், சீட்டில் இருக்கும்போது பாதத்தை ஆட்டுங்கள். வழியில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீர் குடிக்காமல் போகும் பெண்கள் நிறைய. நிறுத்தும் இடத்தை முன்பே டிரைவரிடம் பேசிவைத்துக்கொண்டு குடியுங்கள்.

சந்தேகப்பட்டு வந்தால் என்ன சோதனை? உறைந்திருந்தால் எவ்வளவு நாள் வைத்தியம்?

காலுக்கு டாப்ளர் ஸ்கேன். ஊசி குத்தல் இல்லை, வயிற்று ஸ்கேன் மாதிரி ஜெல் தடவிப் பார்ப்பது. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை ஆபரேஷன் ஆனவருக்கு எப்படியும் கூடுதலாகத்தான் இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நுரையீரலில் சந்தேகம் என்றால் சாயம் செலுத்தி சிடி எடுப்பார்கள். ஆபரேஷனால் வந்த உறைவுக்கு வழக்கமாக மூன்று மாதம் மருந்து. பாதியில் விட்டால் திரும்ப வரலாம். சிலருக்குச் சிரையின் வால்வு கெட்டு, வருடக்கணக்கில் கால் கனத்துக் கறுத்து, கணுக்காலருகே ஆறாத புண் வரும்.

குணமாகிவிட்டது. இனி மறந்துவிடலாமா?

மாத்திரை முடிந்துவிட்டால் பயத்தை விடலாம், காகிதத்தை விட வேண்டாம். டாப்ளர் ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரிலேயே வையுங்கள். அடுத்து எந்த ஆபரேஷன் என்றாலும், கண்புரை என்றாலும்கூட, அதை எடுத்துக் காட்டுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். நாளைக்கு உங்கள் மகள் பிரசவத்துக்குப் போகும்போது “வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்திருக்கிறதா” என்று டாக்டர் கேட்பார். அப்போது அவள் “எங்கள் அப்பாவுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு, இடது காலில்” என்று சொல்லத் தெரிந்தவளாக இருக்க வேண்டும்.